டெஸ்ட் லாக்ல ^[[31எம் னு ஏன் குப்பையா வருது? டெர்மினல் கலர் பத்தி ஆரம்பத்துல இருந்து

டெஸ்ட் எழுத ஆரம்பிச்ச புதுசுல எல்லாரும் ஒருதடவையாவது இதை பாத்திருப்பீங்க. நம்ம லேப்டாப்ல பைடெஸ்ட் (பைதான் கோடுக்கு டெஸ்ட் ஓட்டுற டூல்) ஓட்டுனா பாஸ் ஆனது பச்சைல, ஃபெயில் ஆனது சிவப்புல, பாக்கவே நல்லா இருக்கும். அதே டெஸ்ட் சிஐ சர்வர்ல (தானா டெஸ்ட் ஓட்டுற பொது மெஷின்) ஓடி, அந்த லாக்கை டவுன்லோட் பண்ணி ஒரு எடிட்டர்ல திறந்தா வரிக்கு வரி ^[[31எம், ^[[0எம் னு ஏதோ பூச்சி ஊர்ந்த மாதிரி கிடக்கும். நானும் முதல்ல என்கோடிங் பிரச்சனைனு நினைச்சு யூடிஎஃப்-8, அது இதுனு மாத்தி மாத்தி அரை நாள் ஓட்டிட்டேன். என்கோடிங்குக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

ஃப்ளெக்ஸ் பேனர் ஜோக் ஒன்னு சுத்துமே, ஞாபகம் இருக்கா? பேனர் அடிக்க குடுத்தவரு பேப்பர்ல "அண்ணன் பேரு பெரிய எழுத்துல, சிவப்புல போடவும்" னு எழுதி குடுக்க, கடைக்காரர் அந்த வரியையும் சேர்த்தே பேனர்ல அடிச்சு குடுத்துட்டாராம். லாக்ல நடக்குறது அச்சு அசலா அதேதான். ^[[31எம் ங்கிறது டெர்மினலுக்கு, அதாவது நாம கமாண்ட் அடிக்கிற ஸ்கிரீனுக்கு, சொன்ன குறிப்பு, "இனிமே வர்றதை சிவப்புல போடு" னு அர்த்தம். டெர்மினல் அதை படிச்சு புரிஞ்சுகிட்டு, காட்டாம முழுங்கிடும். எடிட்டருக்கு அந்த பாஷை தெரியாது, அப்படியே அடிச்சு வச்சிடும்.

இதுல முக்கியமா மண்டைல ஏத்திக்க வேண்டியது, கலர் எழுத்துக்கு மேல பூசுன சாயம் கிடையாது. வேர்ட் ஃபைல்ல ஒரு வார்த்தைய செலக்ட் பண்ணி சிவப்பாக்குனா வார்த்தை அப்படியே இருக்கும், கலர் தனியா எங்கயோ இருக்கும். டெர்மினல்ல அந்த வசதி இல்ல, ப்ரோக்ராம்ல இருந்து டெர்மினலுக்கு போறது ஒரே ஒரு குழாய், அதுல எழுத்து மட்டும்தான் போகும், அதனால கலரும் எழுத்தாத்தான் போயாகணும்.

அந்த எழுத்து எப்படி இருக்கும்னா, முதல்ல எஸ்கேப்னு ஒரு கண்ணுக்கு தெரியாத கேரக்டர், ஆஸ்கில (கேரக்டருக்கெல்லாம் நம்பர் குடுக்குற பட்டியல்) 27ஆவது நம்பர். ஆக்டல்ல 033, ஹெக்ஸ்ல 1பி, மூணும் ஒன்னுதான், ஒவ்வொரு ஊர்ல ஒவ்வொரு பேரு. அதை கண்ணுக்கு காட்டணும்னா ^[ னு போடுவாங்க, நானும் இங்க அப்படித்தான் போடுறேன். அதுக்கு அடுத்து ஒரு சதுர அடைப்பு, அப்புறம் நம்பர், கடைசில சின்ன எம். 31 போட்டா சிவப்பு, 32 பச்சை, 33 மஞ்சள், இப்படி 30ல இருந்து 37 வரைக்கும் எட்டு எழுத்து கலர், 40ல இருந்து 47 வரைக்கும் பின்னாடி பேக்கிரவுண்டுக்கு, 90ல இருந்து 97 அதே எட்டு கலர் கொஞ்சம் பளிச்சுனு. 1 போட்டா போல்டு. 0 போட்டா போட்டதெல்லாம் கலைஞ்சு பழையபடி ஆயிடும். ரெண்டு மூணு சேர்த்து வேணும்னா நடுவுல செமிகோலன், அதாவது ^[[1;31எம் னா போல்டு சிவப்பு.

லினக்ஸோ மேக்கோ இருந்தா இப்பவே டெர்மினல்ல பிரிண்ட்எஃப் கமாண்ட் அடிச்சு, கோட்ஸுக்குள்ள பேக்ஸ்லாஷ் 033, ஒட்டி [31எம், அப்புறம் வணக்கம்னு போட்டு என்டர் தட்டுங்க. வணக்கம் சிவப்பா வரும், அதோட நிக்காம அடுத்து வர்ற ப்ராம்ப்ட்டும், நீங்க அடுத்து அடிக்கிறதும் கூட சிவப்பா போயிட்டே இருக்கலாம், ஏன்னா நிறுத்துனு யாரும் சொல்லலையே. கடைசில பேக்ஸ்லாஷ் 033 [0எம் போட்டாத்தான் அடங்கும். டெஸ்ட் நடுவுல கிராஷ் ஆகி ஸ்கிரீன் பூரா சிவப்பா மாறுறதுக்கும் இதுதான் காரணம், 0 போடுறதுக்குள்ள செத்துப்போச்சு.

இந்த பாஷைக்கு வயசு கிட்டத்தட்ட ஐம்பது. 1976ல எக்மா-48 னு ஸ்டாண்டர்டா வந்துச்சு, அமெரிக்காவுல ஆன்சிங்கிற ஸ்டாண்டர்ட் அமைப்பு அதையே எடுத்துக்கிச்சு, அதனாலதான் இன்னிக்கும் ஆன்சி கோட்னு கூப்பிடுறோம். 1978ல டெக் கம்பெனி விட்ட விடி100 டெர்மினல்தான் இதை ஊர் பூரா பரப்புச்சு. வேடிக்கை என்னன்னா விடி100ல கலரே கிடையாது, ஒரே கலர் ஸ்கிரீன்.

சரி, இப்போ அடுத்த கேள்வி. நம்ம மெஷின்ல கலர் வருது, பைப் போட்டு இன்னொரு கமாண்டுக்கு குடுத்தா, இல்ல ஃபைலுக்கு அனுப்புனா பல சமயம் கலர் தானா காணாம போகுது, யார் முடிவு பண்றா? ப்ரோக்ராமேதான். அது எழுத ஆரம்பிக்கும் முன்னாடி ஆப்பரேட்டிங் சிஸ்டம் கிட்ட இஸ்ஏடிடிஒய் னு ஒரு ஃபங்ஷன் மூலமா "நான் எழுதப்போற எடம் டெர்மினலா?" னு கேக்கும். ஆமானா கலர் போடும், இல்லனா அடக்கமா வெறும் எழுத்தை மட்டும் அனுப்பும். டிடிஒய் ங்கிறது டெலிடைப் மெஷினோட சுருக்கம், அதெல்லாம் மியூசியத்துக்கு போயாச்சு, பேரு மட்டும் தங்கிடுச்சு. கிரெப்ல (ஃபைல்ல வரி தேடுற கமாண்ட்) கலர் ஆப்ஷனுக்கு ஆட்டோ, ஆல்வேஸ், நெவர் னு மூணு இருக்கும்ல, ஆட்டோங்கிறது இந்த கேள்விய கேட்டு நடந்துக்கோனு அர்த்தம், ஆல்வேஸ்னா கேக்காதே போட்டுடு.

சிஐ சர்வர்ல உக்காந்து பாக்குறதுக்கு யாரும் இல்ல, டெர்மினலும் இல்ல, அதனால இயல்பா அங்க கலர் வரக்கூடாது. அப்போ குப்பை எப்படி வந்துச்சுனா, நாமதான் வரவச்சோம். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ், கிட்லேப் னு சிஐ ஓட்டுற ரெண்டு சர்வீஸோட லாக் பக்கமும் ஆன்சி கோட் புரிஞ்சு கலரா காட்டும், ஜென்கின்ஸ்ல ஆன்சிகலர் னு ப்ளகின் போட்டா அதுவும் காட்டும். அதைப் பாத்த யாரோ ஒரு புண்ணியவான் "லாக் கருப்பு வெள்ளையா இருக்கு, கண்ணு வலிக்குது" னு ஃபோர்ஸ்_கலர் ங்கிற என்விரான்மென்ட் வேரியபிளை (ப்ரோக்ராம் ஓடும்போது வெளிய இருந்து படிக்கிற செட்டிங்) 1 னு வச்சுட்டு போயிருப்பாரு, இல்ல பைடெஸ்டுக்கு கலர் ஆப்ஷனை எஸ் னு குடுத்திருப்பாரு. பிரவுசர்ல எல்லாம் அழகா இருக்கும். அதே லாக்கை இன்னொரு ஸ்கிரிப்ட் படிக்கும்போதுதான் வினை.

எனக்கு நடந்ததை சொல்றேன். முன்னாடி வேலை பாத்த எடத்துல ராத்திரி 2 மணிக்கு டெஸ்ட் ஓடும், முடிஞ்சதும் நான் எழுதுன ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் லாக்கை கிரெப் பண்ணி கடைசி வரில "ஃபெயில்ட், கமா, ஒரு ஸ்பேஸ், நம்பர், பாஸ்ட்" ங்கிற பேட்டர்ன் இருந்தா டீமுக்கு மெயில் அனுப்பும், இல்லனா எல்லாம் ஓகேனு அனுப்பும். மாசக்கணக்கா ஒழுங்கா ஓடுச்சு. ஒருநாள் டீம்ல ஒருத்தர் கலரை ஆன் பண்ணிட்டாரு. அன்னிக்கு ராத்திரில இருந்து நாலு நாள் எல்லாம் ஓகேனு மெயில் வருது, அஞ்சாவது நாள் பாத்தா நாலு நாளாவே ஒரு டெஸ்ட் ஃபெயில் ஆயிட்டுதான் இருந்திருக்கு. டெஸ்ட் லீட், "தம்பி, உன் ஸ்கிரிப்ட் தூங்குதா?" னு எல்லார் முன்னாடியும் கேட்டாரு.

லாக்கை திறந்து பாத்தா அந்த வரி என் கண்ணுக்கு சரியாத்தான் தெரிஞ்சுது, ஏன்னா நான் பாத்ததே டெர்மினல்லதான், அது குறிப்பை எல்லாம் முழுங்கிட்டு கலரா காட்டுது. கேட் கமாண்டுக்கு மைனஸ் வி (கண்ணுக்கு தெரியாததையும் காட்டும்) போட்டு பாத்தப்போதான் வெளிச்சம் வந்துச்சு. உள்ள இருந்தது இப்படி:

^[[31எம்^[[1எம்1 ஃபெயில்ட்^[[0எம், ^[[32எம்3 பாஸ்ட்^[[0எம்

ஃபெயில்டுக்கும் கமாவுக்கும் நடுவுல ஒரு குறிப்பு, ஸ்பேஸுக்கும் 3க்கும் நடுவுல இன்னொன்னு. என் பேட்டர்ன் எதிர்பார்த்த மாதிரி அந்த எழுத்துங்க பக்கத்துல பக்கத்துல இல்லவே இல்ல. கிரெப் தூங்கல, சரியாத்தான் தேடுச்சு, இல்லாததை எப்படி கண்டுபிடிக்கும்.

நீளமும் இதே மாதிரி ஏமாத்தும். பாஸ்டுங்கிறது இங்கிலீஷ்ல ஆறு எழுத்து. பச்சை கலர் போட்டா முன்னாடி எஸ்கேப், அடைப்பு, 3, 2, எம் னு அஞ்சு, பின்னாடி எஸ்கேப், அடைப்பு, 0, எம் னு நாலு, ஆக மொத்தம் 15. ஸ்கிரீன்ல தெரியுறது ஆறு. பைதான்ல லென் போட்டு பாத்தா 15 னுதான் சொல்லும், அதை நம்பி டேபிள் மாதிரி காலம் அலைன் பண்ணுனீங்கன்னா கலர் உள்ள வரி எல்லாம் ஒன்பது எடம் உள்ள தள்ளி கோணலா நிக்கும்.

இதை சரி பண்ண ரெண்டு வழி, ஊத்துலயே நிறுத்துறது, இல்ல வந்ததுக்கு அப்புறம் வடிகட்டுறது. முடிஞ்ச வரைக்கும் முதல் வழிதான் போகணும்னு நான் சொல்லுவேன். பைடெஸ்ட்னா கலர் ஆப்ஷனுக்கு நோ குடுத்தா முடிஞ்சுது. நிறைய டூலுக்கு பொதுவா ஒரே ஸ்விட்ச் வேணும்னா நோ_கலர் னு ஒரு என்விரான்மென்ட் வேரியபிள் இருக்கு, எல்லாம் கேப்பிடல் லெட்டர்ல, 2017ல சும்மா ஒரு வேண்டுகோளா ஆரம்பிச்சது, இன்னிக்கு எக்கச்சக்கமான டூல்ஸ் மதிக்குது. இதுல ஒரு பொறி இருக்கு, நோ_கலருக்கு என்ன வேல்யூ குடுக்குறீங்கங்கிறது கணக்கே இல்ல, காலியா இல்லாம ஏதாவது இருந்தாலே கலர் கட். "0 குடுத்தா ஆஃப் ஆகும், அதாவது கலர் திரும்ப வரும்" னு நினைச்சு 0 போட்டா அப்பவும் கலர் வராது. நோ_கலரும் ஃபோர்ஸ்_கலரும் ரெண்டும் இருந்தா யார் ஜெயிப்பாங்கிறது டூலுக்கு டூல் மாறும், அந்த சண்டைய வேடிக்கை பாக்காம ஒன்னை தூக்கிடுங்க.

இப்போ எல்லாத்தையும் விட மோசமான கேஸ், இதை கொஞ்சம் நிதானமா படிங்க. என்விரான்மென்ட் வேரியபிள் குடும்ப சொத்து மாதிரி, அப்பா ப்ராசஸ் (ஓடிட்டு இருக்கிற ப்ரோக்ராம்) கிட்ட இருக்கிறது பிள்ளைக்கும் பேரனுக்கும் தானா போகும். சிஐ கான்ஃபிக்ல மேல ஒரு எடத்துல ஃபோர்ஸ்_கலர் வச்சா பைடெஸ்டுக்கு மட்டும் போகாது, பைடெஸ்ட் ஓட்டுற டெஸ்ட், அந்த டெஸ்ட் உள்ள சப்ப்ராசஸ்ல ஓட்டுற உங்க ப்ரோக்ராம், அது வரைக்கும் போகும். இப்போ உங்க டெஸ்ட் என்ன பண்ணுதுனா, ஒரு பைதான் ஸ்கிரிப்ட்டை தப்பான இன்புட்டோட ஓட்டி, எர்ரர்ல "வேல்யூஎர்ரர்: நம்பர் குடு" ங்கிற வரி வருதானு செக் பண்ணுது. பைதான் 3.12 வரைக்கும் பிரச்சனையே இல்ல. 2024 அக்டோபர்ல வந்த 3.13ல இருந்து எர்ரர் வந்தா பைதான் காட்டுற ட்ரேஸ்பேக்கே கலரா வருது. உங்க லேப்டாப்ல சப்ப்ராசஸோட அவுட்புட் பைப்ல போறதால, டெர்மினல் இல்லனு புரிஞ்சு கலர் போடாது, டெஸ்ட் பாஸ். சிஐல ஃபோர்ஸ்_கலர் இருக்கு, பைதானும் அதை மதிக்கும், வேல்யூஎர்ரருக்கு ஒரு கலர், கோலனுக்கு முன்னாடி ஒரு 0எம், மெசேஜுக்கு முன்னாடி இன்னொரு கலர் குறிப்பு. நீங்க தேடுற வரி துண்டு துண்டா கிடக்கும், டெஸ்ட் ஃபெயில். அதுவும் அந்த அவுட்புட்டை பிரிண்ட் பண்ணி சிஐ பக்கத்துல பாத்தா எதிர்பார்த்ததும் வந்ததும் அச்சா ஒரே மாதிரி தெரியும், ஏன்னா அந்த பக்கம் குறிப்பை முழுங்கிடுமே! "என் மெஷின்ல ஓடுதே" னு தலைய பிச்சுக்கிற கேஸ்ல பாதி இந்த ரகம்தான்னு எனக்கு ஒரு சந்தேகம்.

இதுக்கு மருந்து, டெஸ்ட்ல சப்ப்ராசஸ் ஓட்டும்போது அதோட என்விரான்மென்ட்டை நீங்களே குடுங்க, ஃபோர்ஸ்_கலரை எடுத்துட்டு நோ_கலரை 1 னு வச்சு. பைடெஸ்ட்ல மங்கிபேட்ச் ஃபிக்ஸ்சர் (அந்த டெஸ்ட் முடியிற வரைக்கும் மட்டும் செட்டிங் மாத்துற வசதி) வச்சு ரெண்டு வரில பண்ணலாம். கலர் ஒழுங்கா வருதானே செக் பண்ணனும்னா அதுக்கு தனியா ஒரே ஒரு டெஸ்ட் எழுதி அதுல மட்டும் கலரை ஆன் பண்ணுங்க, மத்த அம்பது டெஸ்ட்லயும் 31எம் 0எம் னு எழுதி வச்சா நாளைக்கு டிசைனர் வந்து சிவப்பு வேணாம் ஆரஞ்சு போடுனு சொன்னா அம்பதும் உடையும்.

ஊத்துல நிறுத்த முடியாத கேஸும் உண்டு, வேற டீம் அனுப்புற லாக், ஸ்விட்சே இல்லாத பழைய டூல். அப்போ வடிகட்டணும். தேடுனா முதல்ல கிடைக்கிற ரீஜெக்ஸ் (எழுத்து தேடுற பேட்டர்ன்), எஸ்கேப், அடைப்பு, நம்பரும் செமிகோலனும் எத்தனை வேணா, கடைசில எம். கலருக்கு இது போதும். ஆனா எஸ்கேப் பாஷைல கலர் ஒரு பகுதிதான், வரிய அழிக்க ^[[2 கூட கேப்பிடல் கே, கர்சரை மேல ஏத்த ^[[1 கூட கேப்பிடல் ஏ, இதெல்லாம் எம் ல முடியாது, உங்க ரீஜெக்ஸ் கண்டுக்காம விட்டுடும். ஸ்டாண்டர்ட் படி அடைப்புக்கு அப்புறம் 0ல இருந்து ? வரைக்கும் உள்ள எழுத்துங்க எத்தனை வேணா வரலாம், அப்புறம் ஸ்பேஸ்ல இருந்து / வரைக்கும் உள்ளது வரலாம், கடைசில @ல இருந்து ~ வரைக்கும் உள்ளதுல ஏதாவது ஒன்னு. ரீஜெக்ஸை இப்படி எழுதுனா இந்த குடும்பம் பூரா அடங்கும். ஆனா க்ளிக் பண்ற லிங்க் போடுற டூல்ஸ் இருக்கே, அது எஸ்கேப்புக்கு அப்புறம் மூடுற அடைப்புல ஆரம்பிக்கும், அதுக்கு தனி ரூல் வேணும்.

நீங்களே எழுதணும்னு அவசியம் இல்ல. ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டுற நோட்ஜேஎஸ்ல யூட்டில் மாட்யூலுக்குள்ளயே ஸ்ட்ரிப்விடிகன்ட்ரோல்கேரக்டர்ஸ் னு ஃபங்ஷன் இருக்கு, வெளிய பேக்கேஜ் தேட வேணாம். இதை ஏன் சொல்றேன்னா, 2025 செப்டம்பர் 8 அன்னிக்கு என்பிஎம்ல (ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ் கிடங்கு) சாக், ஸ்ட்ரிப்-ஆன்சி, ஆன்சி-ரீஜெக்ஸ் எல்லாத்துலயும் கிரிப்டோ திருடுற கோட் ஏத்திட்டாங்க, பராமரிக்கிறவரை ஒரு போலி மெயில் அனுப்பி ஏமாத்தி. கலர் போடவும் கலர் எடுக்கவும் இருக்கிற குட்டி குட்டி பேக்கேஜ்தான், ஆனா உலகத்துல பாதி ப்ராஜெக்ட் அதை இழுத்துக்கிட்டு இருக்கு.

ப்ரோக்ரஸ் பார் இன்னொரு தலைவலி. கலர் எல்லாம் எடுத்தாச்சு, அப்பவும் லாக்ல 1%, 2%, 3% னு ஒரே வரில கிலோமீட்டர் நீளத்துக்கு கிடக்கும். அது எஸ்கேப்பே இல்ல, கேரேஜ் ரிட்டர்ன், ஆஸ்கில 13, கர்சரை வரியோட ஆரம்பத்துக்கு கொண்டு போய் மேலயே திரும்ப எழுதுற வித்தை. இதை வடிகட்ட முயற்சி பண்ணாதீங்க, அந்த டூல்ல ப்ரோக்ரஸ் ஆஃப் பண்ற ஆப்ஷன் இருக்கானு பாருங்க, பெரும்பாலும் இருக்கும்.

ஜேயூனிட் எக்ஸ்எம்எல் ரிப்போர்ட் (டெஸ்ட் ரிசல்ட்டை வேற டூல் படிக்கிறதுக்கான ஃபைல்) போடுறவங்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. எக்ஸ்எம்எல் 1.0ல 32க்கு கீழ உள்ள கேரக்டர்ல 9, 10, 13 மூணுக்குத்தான் அனுமதி, நம்ம 27 உள்ள வந்தா ஃபைலே செல்லாது, ரிப்போர்ட் படிக்கிற டூல் மொத்தமா தூக்கி கடாசிடும். பைடெஸ்ட் இதை தெரிஞ்சு வச்சிருக்கு, எஸ்கேப்பை #எக்ஸ்1பி னு வெறும் எழுத்தா மாத்திடும், அதனால ரிப்போர்ட் உடையாது, ஆனா பாக்க கண்றாவியா இருக்கும். நீங்களே கைல எக்ஸ்எம்எல் எழுதுற ஸ்கிரிப்ட் வச்சிருந்தா அந்த மரியாதை எல்லாம் கிடைக்காது.

ஸ்கிரீன்ல கலர் வேணும், ஃபைல்ல வெறும் எழுத்து வேணும், ரெண்டும் ஒரே நேரத்துலனு கேக்குறவங்க டீ கமாண்ட் போடுவாங்க (குடிக்கிற டீ இல்ல, ப்ளம்பர் போடுற டி மாதிரி பைப், ஒரு பக்கம் வந்து ரெண்டு பக்கம் போகும்). ஆனா டீக்கு பைப் பண்ண உடனே டெர்மினல் இல்லனு டூல் நினைச்சுக்கும், ஸ்கிரீன்லயும் கலர் போயிடும். அதனால டூலுக்கு கலரை கட்டாயப்படுத்திட்டு, டீயில இருந்து ஃபைலுக்கு போற பக்கத்துல மட்டும் செட் (எஸ்-இ-டி, எழுத்தை தேடி மாத்துறது) கமாண்டால வடிகட்டணும். இன்னொரு குழியும் இருக்கு, பைப்போட எக்ஸிட் கோட் (முடியும்போது ப்ரோக்ராம் விட்டுட்டு போற நம்பர், 0னா நல்லபடியா முடிஞ்சுது) கடைசி கமாண்டோடது, டெஸ்ட் ஃபெயில் ஆகி 1 குடுத்தாலும் டீ நல்லபடியா முடிஞ்சா 0 னுதான் வரும், பில்ட் பச்சையா பாஸ் ஆயிடும். பேஷ் ஷெல்ல பைப்ஃபெயில் ஆப்ஷனை (பைப்ல எது ஃபெயில் ஆனாலும் மொத்தமும் ஃபெயில்னு எடுத்துக்கும்) ஆன் பண்ணிட்டுத்தான் இந்த வேலைல இறங்கணும்.

பழைய கலர் லாக் ஃபைல் கைல இருக்கு, படிச்சா மட்டும் போதும்னா லெஸ் கமாண்டுக்கு மைனஸ் கேப்பிடல் ஆர் போடுங்க, கலராவே காட்டும். விண்டோஸ்ல பழைய கமாண்ட் ப்ராம்ப்ட்டுக்கு இந்த பாஷை தெரியாது, விண்டோஸ் 10லதான் கத்துக்கிச்சு, அதுவும் ப்ரோக்ராம் கேட்டு ஆன் பண்ணனும், பைதான்காரங்க கலராமா னு லைப்ரரி போடுறது இதுக்குத்தான்.

என் ராத்திரி ஸ்கிரிப்ட் என்ன ஆச்சுனா, கிரெப்பை தூக்கிட்டேன். பைடெஸ்ட் எக்ஸிட் கோடை பாத்தாலே தெரியுது, 0னா எல்லாம் பாஸ், 1னா ஏதோ ஃபெயில், 5னா டெஸ்ட்டே கிடைக்கல, அந்த 5ஐயும் ஓகேனு எடுத்துக்காம மெயில் அனுப்ப வச்சேன். முதல்லயே இப்படி எழுதியிருந்தா கலரை யார் ஆன் பண்ணா என்ன, ஆஃப் பண்ணா என்ன. லாக்கை வெறும் எழுத்தா சேவ் பண்ணேன். டெப்ளாய் பண்ற ஒரு பழைய டூல் மட்டும் டெர்மினல் இருக்கா இல்லையானு கேக்காமலே கலர் கலரா கொட்டும், நோ_கலரையும் மதிக்காது, அது ஒன்னுக்காக ஸ்கிரிப்ட் கடைசில ஒரு செட் வரிய வச்சுட்டுத்தான் வேலைய விட்டு வந்தேன்.